சாணி மேல் போட்ட பழி: ஒரு மலைக் களத்துக்கு இரண்டு தடவை போன கதை

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள். கடையில் நல்ல கூட்டம். அந்த நேரம் பார்த்து ராஜம்மாவிடமிருந்து போன்.

"அண்ணா, நீங்க குடுத்த சீலரு பூராவும் உரிஞ்சிக்கிட்டு வருதுங்க. களத்தையே ஒடைச்சிப் போட்டுடலாம்னு ஊருல பேசறாங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

ராஜம்மா, அரூருக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் சாமை பயிரிடும் பெண்கள் குழுவின் தலைவி. என் வயசுதான் இருக்கும். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் விட்டுவிட்டேன். அங்கே தானியம் காயப்போட ஒரு கான்கிரீட் களம் கட்டினார்கள். போன வருடம் வைகாசியில் அதன் மேல் பூச, தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் மூன்று டின் கொடுத்தது நான். மொரப்பூரில் பதினெட்டு வருடமாகப் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். என் சரக்கு உரிகிறது என்று ஒருத்தர் சொன்னால் சும்மா இருப்பேனா? சுர்ரென்று ஏறிவிட்டது. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மலையில் தோட்டம் வாங்கி, வாசலில் கான்கிரீட் போட்டுவிட்டு, "மேல ஏதாவது பூசணுமா?" என்று எனக்கு எழுதிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. அவசரப்படாமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

காலை 6.10க்கு மொரப்பூரில் பஸ் ஏறினேன். அரூர் பதினாலு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். அங்கே டீயும் இரண்டு போண்டாவும். அடுத்த பஸ்ஸில் அடிவாரம் போய்ச் சேர மணி 8.20. அங்கிருந்து மேலே ஷேர் ஜீப்தான். ஆளுக்கு ஐம்பது ரூபாய். என் கையில் அதே சீலரில் இன்னும் இரண்டு டின். உரிந்த இடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவதாகத் திட்டம். ஜீப் டிரைவர் மாதேஷ் டின்னுக்குத் தனியாக நாற்பது ரூபாய் கேட்டார்.

"டின்னுக்கு எதுக்குப்பா காசு?"

"டின்னு சீட்டுல ஒக்காந்துக்கிட்டு வருதுங்களே. அந்த எடத்துல ஒரு ஆளு வருவாருங்களே."

 கொடுத்தேன். ஆனால் அந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

பதினொரு கிலோமீட்டர் ஏற ஐம்பது நிமிடம். மேலே போனால் பனிமூட்டத்தில் முன்னால் போகிற பைக் தெரியவில்லை. இந்த மலையின் குணம் கீழே இருக்கிறவர்களுக்குப் புரியாது. காலை பத்து மணி வரைக்கும் மூட்டம், தரையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். பன்னிரண்டுக்கு மண்டையைப் பிளக்கிற வெயில். நாலு மணிக்கு மழை. ராத்திரி பல்லு கிட்டுகிற குளிர். கான்கிரீட் தினம் தினம் நனைந்து, காய்ந்து, சுட்டு, குளிர்ந்து கிடக்கிறது. பாசி பிடிக்கும், மேலே இருக்கும் சிமென்ட் பால் பெயர்ந்து மணல் உதிரும், நூல் மாதிரி வெடிப்பு விடும்.

களத்தைப் பார்த்ததும் எனக்கே பகீரென்றது. வெயில் பட்டு உரிந்த தோல் மாதிரி, தரை முழுக்க பிளாஸ்டிக் தகடு தகடாக எழும்பி நின்றது. கையால் இழுத்தால் முழ நீளத்துக்கு வருகிறது. அடியில் மணல் புரபுரவென்று உதிர்கிறது.

ராஜம்மாவோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒரு கிண்ணத்தில் போன வருடத்துச் சாமை அரிசியைக் கொண்டுவந்து காட்டினார்கள். உள்ளே கண்ணாடி மாதிரிச் சின்னச் சின்னச் செதில். கூடவே மணல். சாமையே கடுகளவுதான். அதில் இது கலந்தால் புடைத்தாலும் போகாது, அரித்தாலும் போகாது.

"பொறந்த நாள் விருந்துல, புள்ள வாயிலேர்ந்து பிளாஸ்டிக்க எடுத்தோங்க. மீதிய கோழிக்குப் போட்டுட்டோம். இன்னும் பதினெட்டு நாள்ல அறுப்பு. களம் சரியாவலைன்னா மறுபடியும் தார் ரோட்டுலதான் கொட்டணும். ஜீப்பு ஏத்திட்டுப் போவும்" என்றார் ராஜம்மா.

அப்போதாவது நான் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. களத்தின் நடுவில் பழுப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது.

"இது என்னா, சாணியா?"

"ஆமாங்க. மொழுவாத களத்துல தானியம் கொட்டுவாங்களா? எங்க ஊருல அந்த வழக்கமே இல்லீங்க. களம் கட்டுன அன்னிலேர்ந்து மொழுவிக்கிட்டுத்தான் இருக்கோம். சீலரு பூசறதுக்கு முந்தின நாள் கூட மொழுவிட்டுத்தான் பூசினோம்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். "சாணி மேல சீலரப் பூசிட்டு, உரியுது உரியுதுன்னு எனக்குப் போன் பண்றீங்களா? டின்னுல போட்டிருக்கறதப் படிக்கத் தெரியாதா?" அந்தக் குழுவில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அது தெரிந்தும் சொன்னேன். ஊரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

  ஒரு பெண் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொழுவினது நான்தாங்க, தப்புதாங்க" என்றார். களம் கட்டிய காண்ட்ராக்டரும் இதையேதான் சொன்னாராம். கம்பெனி ஆள் ஒருத்தர் வந்து, "சாணி போட்டா கேரண்டி கிடையாது" என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போனாராம். இந்த வருடம் மெழுகவே கூடாது என்று குழுவில் தீர்மானமே போட்டுவிட்டார்கள்.

ராஜம்மா மட்டும் சத்தமில்லாமல் களத்தின் மேற்கு மூலைக்கு நடந்தார். "இங்க வாங்கண்ணா. இந்த எடத்துல களம் கட்டுனதுலேர்ந்து வைக்கப்போரு இருந்திச்சி. சீலரு பூசற அன்னிக்குத்தான் தள்ளிட்டுப் பூசினோம். மறுபடியும் போர இழுத்து வெச்சிட்டோம். இங்க ஒரு நாளும் சாணி பட்டதே இல்லீங்க. பாருங்க."

குனிந்து நகத்தால் கீறினேன். கையோடு வந்தது. பத்துச் சதுர அடியும் அப்படியே வந்தது. அடியில் சாணியின் சுவடே இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

 விஷயம் இதுதான். நான் கொடுத்தது மேலே பளபளவென்று ஒரு படலமாக உட்காருகிற வகை. மலைத் தரையில் ஈரம் கீழேயிருந்து எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். வெயில் அடித்ததும் அந்த ஈரம் ஆவியாக மேலே வரப் பார்க்கும். படலம் வழி மறிக்கும். வழி இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டுதான் வரும். சாணியைக் கழுவாமல் பூசியதும் தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தங்கத்தால் மெழுகியிருந்தாலும் இது உரிந்திருக்கும். வெளித் தரைக்கு, அதுவும் மலையில், கான்கிரீட்டுக்குள் ஊறிப் போய், தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடுகிற வகைதான் வேண்டும். இது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் இதைத்தானே விற்கிறேன். அன்றைக்குக் கடையில் அந்த வகை இல்லை. இருந்ததைக் கொடுத்து அனுப்பினேன். தரையைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை.

கம்பெனிக்காரன் மேலும் ஆத்திரம் வருகிறது. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தரை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும் என்று எறும்பு எழுத்தில் இங்கிலீஷிலும் இந்தியிலும் போட்டிருக்கிறது. தமிழில் கம்பெனிப் பெயர் மட்டும்தான், அதுவும் கொட்டை எழுத்தில்! விற்கத் தமிழ் தெரிகிறது, எச்சரிக்கத் தெரியவில்லையா? காண்ட்ராக்டர், கம்பெனி ஆள், நான், மூன்று பேருமே ஒரு வாளிச் சாணியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டோம். ஒருத்தர் கூடத் தானாக அந்த மூலை வரைக்கும் நடக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா. சாணி போடாட்டியும் இது உரிஞ்சிருக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கத்தியது உரக்க, இதை மட்டும் மெதுவாகச் சொல்ல முடியுமா? இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு மதியம் 2 மணி ஜீப்பில் இறங்கினேன். மாதேஷ் டின்னைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நாற்பது ரூபாய் கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துச் சரியான சரக்கோடு மறுபடியும் போனேன். பெண்கள் பழைய படலத்தைக் கொத்துக்கரண்டியாலும் கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டி, கழுவி, அதற்குள் மூன்று நாள் வெயிலில் காயவிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். விடிந்து எடுத்துப் பார்த்தபோது அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது, தரைக்குள் இன்னும் ஈரம். பூசவில்லை. இன்னும் ஒரு நாள் ராஜம்மா வீட்டிலேயே தங்கினேன். களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். நான் திட்டியதை ஒருத்தரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. அடுத்த நாள் தாளுக்கு அடியில் காய்ந்திருந்தது. பத்தரை மணிக்கு மூட்டம் கலைந்ததும் ஆரம்பித்து, மதியம் ஒன்றரைக்கு முடித்தோம். அதிர்ஷ்டம், அன்றைக்கு மழை இல்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெளித் தரைக்குப் பளபளப்பு கேட்காதீர்கள். பனி ஈரத்தில் வழுக்கியும் விடும், உரிந்தும் போகும். உள்ளே ஊறுகிற வகையைப் பூசினால் பூசியது மாதிரியே தெரியாது, அதற்காகக் கடைக்காரனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மழைக் காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், மாசிக்கு மேல் போங்கள். எங்களுக்கு வேறு வழியில்லை, அறுப்பு நெருங்கிவிட்டது. பிளாஸ்டிக் தாள் சோதனையை விடாதீர்கள். கடைசி ஜீப் நாலரைக்கு. என்னை மாதிரிக் கடைக்காரன் போனிலேயே எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசினால், "வந்து தரையப் பாத்துட்டுப் பேசு" என்று சொல்லுங்கள்.

ஆறு நாள் கழித்து ராஜம்மா வீடியோ அனுப்பினார். களத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். தரைக்குள் இறங்காமல் உருண்டு ஓடுகிறது. பின்னால் பெண்களின் சிரிப்பு. அதற்கடுத்து ஒரு குரல் பதிவு:

"அண்ணா, நாளைக்கு அறுப்பு. களத்த மொழுவிக்கலாங்களா? நீங்க வேணாம்னா விட்டுடறோம்."

அவர்கள் களம். அவர்கள் சாமை. என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேட்க வைத்தது நான். கடையில் ஆள் நிற்க நிற்க, கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து போன் போட்டேன்.

"மொழுவுங்கம்மா. இதுல என்கிட்ட என்னா கேள்வி?" என்றேன்.