மாப்பிள்ளையிடம் அம்மா பேசிய நாள்

என் அம்மா என் வீட்டுக்காரரிடம் நேராக ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. எங்கள் ஆரணிப் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரில் நின்று பேசுவது மரியாதை இல்லை. ஊரில் பாதிப் பேர் அதை எப்போதோ விட்டாயிற்று, அம்மா விடவில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுவார். இவள் சமையலறை வாசலில் நின்று என்னிடம், "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பாள். அவருக்கும் காது இருக்கிறது. ஆனால் நான் கேட்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். கேட்ட பிறகு, "போதும்னு சொல்லு" என்பார். ஆபீஸ் மீட்டிங்கின் நடுவில் இதற்காக நான் ஹெட்போனைக் கழற்றவேண்டும். நான் இந்த வீட்டில் மகளா, மனைவியா, தபால்பெட்டியா என்று ஒருநாள் கத்தினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள், தனித்தனியாக.

இத்தனைக்கும் அவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வீட்டில் மாமியாரும் மருமகனும் சேர்ந்து சீட்டு ஆடுவார்கள். அம்மா எங்களோடு பெங்களூர் வைட்ஃபீல்டு அபார்ட்மென்ட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று இவரும் அந்த வழக்கத்துக்குள் வந்துவிட்டார். அம்மா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தபோது, மெயின்டனன்ஸ் ஆட்களிடம் சொல்லி, கீழே புல்வெளியில் காலை வெயில் விழும் இடத்துக்கு ஒரு பெஞ்சை நகர்த்திப் போடவைத்தார். அத்தையிடம் சொல்லாதே என்றார். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அம்மா மறுநாள் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள்.

அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. கட்டிய மனைவி சொல்கிறேன், நம்பலாம். லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். டிராஃபிக் போலீஸ்காரரைத் தூரத்தில் கண்டால், எல்லாப் பேப்பரும் கையில் இருக்கும்போதே வேர்க்கும். இவற்றையெல்லாம் வைத்து நான் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரே ஒரு பயத்தை மட்டும் கிண்டல் செய்ததில்லை. கல்லூரி நாளில் நண்பர்களோடு மலையேறப் போன இடத்தில் ஒரு தேனீ கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து, பால்கனித் துளசிக்கு ஒரு தேனீ வந்தாலும் அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "மாப்பிள்ளையை உள்ள போகச் சொல்லு." நான் சொல்வதற்குள் அவர் உள்ளே போயிருப்பார்.

எங்கள் பிளாக்கில் ஒன்பதாவது மாடி பால்கனிக்கு அடியில் மலைத்தேனீ பெரிதாக அடை கட்டியிருந்தது. இந்த ஊர் அபார்ட்மென்ட்களில் இது சகஜம். பகலில் கலைக்கக்கூடாது, இருட்டிய பிறகு ஆள் வந்து பார்ப்பான் என்று அசோசியேஷன் சொல்லியிருந்தது. அந்த வீட்டைப் புதிதாக வாங்கியவருக்கு மறுநாள் கிரகப்பிரவேசம். சொந்தக்காரர்கள் வருவதற்குள் சுத்தமாக இருக்கவேண்டும் என்று, யாரையோ பிடித்து முந்தின நாள் காலையிலேயே புகை போட்டுவிட்டார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தியும் போட்டார். தேனீ கலைக்கிறோம், ஜன்னல், பால்கனிக் கதவுகளை உடனே மூடிக்கொள்ளவும், சிரமத்துக்கு மன்னிக்கவும்.

எல்லாரும் மூடிக்கொண்டார்கள். கட்டை விரல் படமாக வந்து விழுந்தது. ஜன்னல் இல்லாத இடத்தில், புல்வெளியில், போன் கொண்டுபோகாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே என்று இத்தனை படித்த பிளாக்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் செய்தியைப் பார்த்து எழுந்துபோய்ப் பால்கனிக் கதவை இழுத்தேன். இழுக்கும்போதுதான் கீழே பார்த்தேன்.

அம்மாவின் தலைமேல் கருப்பாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்துத் தலையை மூடப் பார்த்தாள். வாக்கர் புல்லில் விழுந்து கிடந்தது. அவள் கத்தவில்லை. அது என்னைக் கொன்றது. அம்மா என்று அலறினேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

அவரும் அன்று வீட்டிலிருந்துதான் வேலை செய்துகொண்டிருந்தார். எழுந்து வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. உதடு துடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி சோபாவில் கிடந்த கம்பளியை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எங்களுடையது முதல் மாடி. படியில் அவர் பின்னாலேயே ஓடினேன். உங்களுக்கு ஆகாது, நான் போகிறேன் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு என்றார்.

கீழே செக்யூரிட்டி கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டு நின்றிருந்தார். பத்துப் பேர் உள்ளே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பாகிலு தெகீரி" என்று என் வீட்டுக்காரர் கன்னடத்தில் கதவைத் திறக்கச் சொன்ன குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. செக்யூரிட்டி மறுபேச்சு பேசாமல் திறந்தார்.

கதவு திறந்த சத்தத்தில் அம்மா நிமிர்ந்தாள். ஒரு கண் அதற்குள் வீங்கியிருந்தது. வந்தது யார் என்று பார்த்துவிட்டாள். கையை நீட்டி, முதல் முறையாக உரக்கக் கத்தினாள்.

"மாப்ள, வராதீங்க! உங்களுக்கு ஆகாது, உள்ள போங்க!"

அம்மா அவரிடம் பேசுகிறாள். நேராக, முகத்தைப் பார்த்து. தன்னைக் காப்பாற்று என்று ஒரு சத்தம் போடாதவள், அவரைத் தடுப்பதற்காக வாயைத் திறந்திருக்கிறாள். அம்மா சொல்லை ஒருநாளும் தட்டாத மனிதர் தலை தெறிக்க அவளை நோக்கி ஓடினார். நிழல்கூட அவள்மேல் படாமல் ஒதுங்கி நடப்பவர், அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்து, கம்பளியை இரண்டு பேர் மேலும் போர்த்தி, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். வெளியே நீட்டியிருந்த அவர் கைகளில் தேனீக்கள் அப்பியிருந்தன. உள்ளே வந்து அம்மாவைத் தரையில் உட்காரவைத்துவிட்டு அவர் விழுந்தார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றினார். மெட்ரோ தூண்களுக்குக் கீழே எப்போதும் போல எல்லா வண்டியும் நின்றிருந்தது. பின்சீட்டில் அவர் மூச்சு சீட்டியடித்தது, உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் ஜன்னலைத் திறந்து வழி விடச் சொல்லி எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் கெஞ்சினேன், திட்டினேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன. பார்க்க முடியாமல், அவர் மார்பில் உள்ளங்கையை வைத்து, ஏறி இறங்குகிறதா என்று தடவிக்கொண்டே வந்தாள். அது நின்றால் நான் என்ன ஆவேன் என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். அம்மாவின் தலையிலும் கழுத்திலும் இருந்த கொடுக்குகளை ஒரு நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அம்மா முனகவில்லை. முதலில் அவரைப் பாருங்கள் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கையைவிட்டுப் போயிருப்பார் என்று டாக்டர் பிறகு சொன்னார். சொல்லும்போது டாக்டர் முகமும் சரியாக இல்லை.

சாயங்காலம் எங்களை உள்ளே விட்டார்கள். அம்மாவுக்குக் கண் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. அம்மா பழக்கதோஷத்தில் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றாள். பிறகு அவளே திரையை விலக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"வராதீங்கன்னு சொன்னேனே. ஏன் வந்தீங்க?"

குரல் சண்டைக்காரி குரல் மாதிரி இருந்தது. கண்ணீர் வீங்கிய கன்னத்தில் வழி தெரியாமல் இறங்கியது. அவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"பயமாத்தான் இருந்துச்சு அத்தை. ஆனா நீங்க எங்கிட்ட பேசிட்டீங்களே. அதுக்கப்புறம் நான் எப்படி உள்ள நிக்கறது?"

அம்மா அவர் கையிலிருந்து மாஸ்க்கை வாங்கி, தடவித் தடவி, தன் கையாலேயே அவர் மூக்கின்மேல் சரியாக வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவரைப் பேசாம படுத்திருக்கச் சொல்லு" என்றாள்.

நான் சொன்னேன்.