அவர் மாத்திரையை விட்ட வாரம்

என் கணவர் வேன் ஓட்டுகிறவர். விடிந்ததும் செங்கல்பட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களில் வேலைக்குக் கொண்டுபோய் விடுவார். போன வருடம் நெம்மேலி அருகே அவர் கண்ணெதிரிலேயே ஒரு பைக் லாரிக்கு அடியில் போய்விட்டது. இறங்கி ஓடிப்போய்த் தூக்கியவர் இவர்தான். அதிலிருந்து தூக்கம் போயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், சட்டை தொப்பலாக நனைந்துவிடும்.

டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். படுக்கும்போது பாதி மட்டும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான், போட்டுக்கொண்டு வண்டியைத் தொடக் கூடாது, திரும்ப வந்து காட்ட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். மாத்திரை நன்றாகக் கேட்டது. அதனாலேயே திரும்பப் போகவில்லை. தெரிந்த மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொண்டிருந்தார். பாதி, முழுசாயிற்று. நான் தையல் கம்பெனிக்குப் போன பிறகு மத்தியானமும் ஒன்று போட்டுக்கொள்கிறார் என்பது எனக்கு மாதக்கணக்கில் தெரியாது. பேச்சு குழறியது. கேட்டதையே திரும்பக் கேட்டார். வேன் எடுப்பதும் நின்றுபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் வந்திருந்தார். "இன்னாடா, எந்நேரமும் தூங்கிக்கினே கீற? வண்டி ஓட்டுற ஐடியா கீதா இல்லியா?"

இவர் எழுந்து போய், இருந்த மாத்திரையை எல்லாம் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். "இனிமே தொட மாட்டேன்" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். நான் வஞ்சிரம் வாங்கி வறுத்தேன்.

இரண்டொரு நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டார். "சுவத்துல இன்னாமோ ஊருது பாரு" என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். "உட்டா அப்டித்தான் இருக்கும். சரியாப்பூடும். திரும்பக் கையில குட்த்துடாத" என்றார்.

இடம் மாறினால் தேவலை என்று முட்டுக்காட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கண் மேலே செருகி, உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. நாத்தனார் சாவிக் கொத்தோடு ஓடி வந்தாள். நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்றார்.

"கெட்ட பழக்கம், உட்டா நல்லதுதானேன்னு..." என்றேன் நான்.

"விடணும்தான். இத்தனை மாசம் சாப்பிட்டுட்டு ஒரேயடியா நிறுத்தினா ஃபிட்ஸ் வரும்மா. உசுரே போயிடலாம். நாங்க சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

அதே வகை மாத்திரையைத்தான் மறுபடியும் எழுதினார். அதைப் பார்த்ததும் இவர் அழுதுவிட்டார். "இத்த உடணும்னுதானே தூக்கிப் போட்டேன்? திரும்பவும் இதேவா?" அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அவரை விழுந்த நிலையில் பார்த்ததைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது மாத்திரை என் பீரோவில் இருக்கிறது. நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அளவைக் குறைக்கும்போதெல்லாம் சில நாள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. ரொம்பவும் தவித்தால், அடுத்த குறைப்பை டாக்டரம்மா தள்ளி வைக்கிறார்.

நடுவில் ஒருநாள் அண்ணன் ஒரு பாட்டிலோடு வந்தார். "கொஞ்சூண்டு ஊத்திக்கினா நல்லாத் தூக்கம் வரும்."

"இந்த மாத்திரையோட சரக்கு சேர்ந்தா மூச்சே நின்னுடுமாம் மாமா. எடுத்துக்கினு போங்க."

அவரிடம் அதுவரை நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை. போனவர் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அளவு இப்போது பழையதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வண்டி ஓட்ட மட்டும் டாக்டரம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் வேன் ஸ்டாண்டு வரை நடந்து போய், மற்ற டிரைவர்களோடு பேசிவிட்டு வருகிறார். நேற்று வந்ததும், "நான் திரும்ப ஓட்டுவனா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.