அதை மருந்து என்று சொல்லவிடாத ரோஸ்லின் அக்கா

ரோஸ்லின் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். ரத்தப் பைகளைச் சுழற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முட்டத்திலிருந்து அவருடைய தங்கை அழைத்து, "ஜெயா, அக்கா போயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னாவ, அவ்வளவுதான்" என்றாள். சுழற்சி முடியாமல் யாரும் அறையை விட்டு நகரக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். செத்த பிறகும் என்னைக் கட்டிப்போடுகிறாளே மகராசி என்று அழுதுகொண்டே நின்றேன்.

இந்த அஞ்சலியைப் படிப்பவர்களில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தானமாக வரும் ரத்தத்தில் பிளேட்லெட் என்னும் தட்டணு சில நாட்கள்தான் தாங்கும். கெடு முடிந்த பைகளை உறைய வைத்து, உருக்கி, அதிலுள்ள சத்தைப் பிரித்தால் அடிபட்ட மூளைக்கு உதவுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. உதவுமா என்பது பிற்பாடு, கெடுதல் செய்யாதா என்பது முதலில். ரத்தத்தைக் கட்டியாக்கும் பொருள் அதில் மிஞ்சினால் ஆபத்து. தானம் தந்தவருக்கு அண்மையில் தொற்றிய கிருமி பரிசோதனையில் சிக்காமல் ஒளிந்திருக்கலாம். அதனால் சூடாக்குவோம், மிக நுண்ணிய வடிகட்டியில் வடிப்போம், பிறகு மாதக்கணக்கில் சோதிப்போம். அதுவரை அதை மருந்து என்று சொல்ல அக்கா விடமாட்டார். எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளையும் 'சாதனம்' என்போமே, அப்படித்தான் சொல்ல வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று வியந்தேன். "தெளிஞ்சு கிடக்கதெல்லாம் சுத்தமில்லட்டி. எங்க கடலு தெளிஞ்சுதான் கிடக்கும், பாறை உள்ள இருக்கும், கேட்டியா" என்றார். கேட்டேன். மனதில் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் மயிலாடியில் சிற்பி. ஒரு கோபுர வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். மண்டையில் அடி. உயிர் பிழைத்தார், ஆனால் என்னை யாரென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைப் பெற்ற மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, தேற்றுவதற்காக என் வாய் உளறிவிட்டது: "அழாதீங்க மாமி, எங்க லேப்ல இதுக்கு மருந்து இருக்கு."

சாதனம் என்று சொல்லியிருந்தால் மாமி திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மருந்து என்று விட்டேன். மறுநாள் காலையில் ஆய்வக வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். "எம் மோனுக்குத் தரமாட்டியாட்டி? உள்ள வச்சுப் பூட்டி யாருக்குக் குடுக்கப் போற?" உள்ளே போனால் குப்பிகள், வெளியே வந்தால் மாமி. எங்கேதான் போவேன்?

மூன்றாம் நாள் ஒரு குப்பியை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். அக்கா பார்த்துவிட்டார். கையை நீட்டினார். "ஒங்க தம்பின்னா குடுக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். "எடுக்கத்தான் தோணும் மக்கா. அதுக்குத்தான் பூட்டு. அந்தப் பயலுக்குள்ள எதைப் போடுகோம்னு எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. தா இங்க." கொடுத்தேன். அவரை வெறுத்தேன். வேலையை விட்டால் மருந்துச் செலவுக்கு வழியில்லை, அதனால் தினமும் அவர் முகத்திலேயே விழித்தேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அன்னைக்கு நீ எடுத்த சாதனத்துக்கு சோதனை முடிஞ்சாச்சு. சுத்தமாத்தான் இருந்திருக்கு. ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்? "அப்ப, குடுத்திருந்தா எழும்பியிருப்பாரா?" என்றேன். "தெரியாது மக்கா. பொய் சொல்ல வரல்ல. கெட்டிருந்துன்னு சொன்னா ஒனக்கு நிம்மதியா இருக்கும். ஆனா அது கெடல்ல." உள்ளேயிருந்து மாமி கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முதல் இன்றுவரை மாமி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முட்டத்துக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அவரைத் தெய்வம் என்றார்கள். அக்கா, உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று சொன்னால் அது பொய், பொய் உங்களுக்கு ஆகாது. நீங்கள் தந்தது என்னிடம் ஒன்று இருக்கிறது: தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம். வேண்டுமென்று நான் கேட்டு வாங்கியதில்லை, இறக்கி வைக்கவும் முடியவில்லை.

இப்போது உங்கள் இடத்தில் கையெழுத்துப் போடுவது நான். நேற்று புதுக் குப்பிகள் வந்தன. சோதனை முடியவில்லை. உள்ளே வைத்துப் பூட்டினேன். பிறகு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டினேன்.