இடப்பக்கம் ஒலிக்காத ஹெட்போன்

ஹெட்போனும் ஆம்ப்ளிஃபையரும் விற்கிற அந்தக் கடையில் அவளை எல்லோரும் ‘காதுக்காரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி வைத்த பெயர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் பில் போடுகிற வேலைக்கு வந்தவள். ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் லேசாகக் கரகரக்கிறது என்றாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. மாடியில் ரிப்பேர் பார்க்கும் சோல்டர் அண்ணன் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு ஒயர் பிடி விட்டுப் போயிருந்தது. அதோடு பில் மேசை வேறு ஆளுக்குப் போய்விட்டது. அவள் விற்பனைக்கு வந்துவிட்டாள்.

வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்கவே மாட்டாள். “எங்க உட்கார்ந்து கேட்பீங்க? பக்கத்துல யாரு இருப்பாங்க?” என்பாள். பஸ்ஸில் என்றால் காதை முழுசாக மூடுகிற வகை. வீட்டில் தனியாக என்றால் பின்பக்கம் திறந்த வகை. பாட்டு அறையில் நடப்பது போலக் காற்றோட்டமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துக் கேட்கும். “உங்க போனே இந்த ஹெட்போனைத் தாராளமா இழுக்கும். ஆம்ப் எதுக்கு? அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல ஹெட்போனா எடுங்க” என்று ஆம்ப் கேட்டு வந்தவரையே திருப்பிவிடுவாள். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் அப்படித் திரும்பிப் போனவர்கள்தான் அடுத்த மாசம் மச்சானையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது இடது காதில் பஞ்சு அடைத்தாற்போல இருந்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று ஒற்றைக்காலில் நின்று குதித்துப் பார்த்தாள். கணவன் சிரித்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். “என்ன, காலங்காத்தால டான்ஸா?” என்றான். அவளும் சிரித்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

முதல் ஆளாக ஒரு தட்டச்சாளர் வந்தார். கோர்ட்டு விசாரணைகளைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறவர். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காதில் மாட்டியிருக்க வேண்டும். அவருக்குப் பாட்டு ஹெட்போன் எதற்கு? எடை குறைவாக, பேச்சுக்குரல் துல்லியமாகக் கேட்கிற ஒன்றை எடுத்து, கொடுப்பதற்கு முன் தானே மாட்டிப் பார்த்தாள். வலப்பக்கம் மட்டும்தான் சத்தம் வந்தது. “ஒயர் போயிருக்கு போல” என்று மாடிக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இடப்பக்கம் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

சோல்டர் அண்ணன் முதல் ஹெட்போனைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். “தங்கச்சி, இது நல்லாத்தானே இருக்கு?” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் அதை எடுத்துக்கொண்டு, சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஹெட்போனைத் திருப்பி மாட்டினாள், இடப்பக்கத்தை வலது காதிலும் வலப்பக்கத்தை இடது காதிலுமாக. பாட்டைப் போட்டாள். ஹெட்போன் கெட்டிருந்தால் சத்தமில்லாத பக்கம் இப்போது வலது காதுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது இடது காதிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு, யாரோ திட்டி நிற்க வைத்ததுபோல அறை நடுவில் அப்படியே நின்றாள்.

யாரிடமாவது அன்றே சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு எழவில்லை. அவளுடைய அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டது. முதலில் வீட்டில் சத்தமாகப் பேசினார்கள். பிறகு சுருக்கமாகப் பேசினார்கள். அப்புறம் அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். சாப்பிடும்போது எல்லோரும் எதற்காவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. “என்னம்மா சொன்னாங்க?” என்று அவளிடம் கேட்பார். “ஒண்ணுமில்லப்பா” என்பாள். எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருப்பாள்! அந்த ஒரு நொடித் தாமதமான சிரிப்பு இப்போது கண்முன்னால் வந்து நின்றது.

புதன்கிழமை காலை கணவன் தோளைப் பிடித்து உலுக்கித்தான் எழுப்பினான். “அலாரம் தலைமாட்டுலயே கத்துது, கும்பகர்ணி மாதிரி தூங்குறே?” வலது காது தலையணையில் அழுந்தியிருந்ததால் அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. உடம்பு சரியில்லை என்று மழுப்பினாள். அன்று தெருவைக் கடக்கும்போது ஒரு லாரி எங்கிருந்தோ முளைத்தாற்போல உரசிக்கொண்டு போயிற்று. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. டிரைவர் கையை ஆட்டித் திட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாள். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எதிர்ப்பக்கத்துக் கடைவாசலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று பிறகு யோசித்தபோது நினைவே வரவில்லை.

கடையில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவள் ஹெட்போன்களை மனப்பாடமாக விற்றாள். எது எந்தப் போனுக்கு ஒத்துவரும், எதற்கு ஆம்ப் இல்லாவிட்டால் முனகல்தான் வரும் என்பதெல்லாம் தலைக்குள் இருந்தது. வாடிக்கையாளர் “பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?” என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். இடது காதில் இரைச்சல் வேறு தொடங்கியிருந்தது, குக்கர் விசில் போல. அதுவாவது கேட்கிறதே என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு பாட்டு டீச்சர் வந்தார். குழந்தைகளுக்குச் சேர்ந்திசை கற்றுத் தருகிறவர். பாடி முடித்ததைப் பதிவு செய்து வைத்து, எந்தக் குழந்தை சுருதி விலகுகிறது என்று வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் மாமியார் படுத்திருப்பார். “அதிகம் செலவு பண்ண முடியாதும்மா” என்றார்.

“அப்போ மூடின வகைதான். ஆம்ப் தேவையே இல்லை. இருந்தாலும் ரெண்டு ஹெட்போனை ஒரே ஆம்ப்புல போட்டுக் காட்டுறேன், வித்தியாசம் தெரியும்” என்று அவள் பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

அந்த ஆம்ப்பில் சற்று முன்புதான் வேறொருவருக்கு இன்னொரு ஹெட்போனைப் போட்டுக் காட்டியிருந்தாள். அது எவ்வளவு சத்தம் வைத்தாலும் விழுங்கிக்கொள்கிற முரட்டு ஜாதி. ஹெட்போனை மாற்றும்போது சத்தம் கூட்டுகிற திருகைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் மறந்ததில்லை, அன்று மறந்தாள். புது ஹெட்போனைச் செருகி, அந்தக் காது கேட்காது என்பதையே மறந்து, பழக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இடது காதில் அழுத்திப் பார்த்தாள். எங்கேயோ கிணற்றுக்குள் பாடுவது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். இன்னும் கொஞ்சம்.

“இப்போ கேளுங்க.”

டீச்சர் மாட்டினார். அடுத்த நொடி “ஐயோ!” என்று அலறிப் பிடுங்கி எறிந்தார். ஹெட்போன் தரையில் விழுந்தும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டார். “என் காது… என் காது… என்னம்மா பண்ணீங்க?”

அவள் குனிந்து ஹெட்போனின் ஒயரைப் பிடுங்கினாள். இவருடைய பிழைப்பே காதில்தான் இருக்கிறது, அதைப் போய் நான் அடித்துவிட்டேனே என்ற எண்ணம் சுழன்று சுழன்று வந்தது. முதலாளி ஓடிவந்தார், தண்ணீர் கொடுத்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விசில் மாதிரி அடிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்த சோல்டர் அண்ணன் ஆம்ப்பின் திருகைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். அவளுக்கு இடப்பக்கமாகப் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்தார்.

“ரெண்டு தடவை மெதுவா கூப்பிட்டேன் தங்கச்சி” என்றார். “எத்தனை நாளா?”

அவள் விரலைக் காட்டினாள். நான்கு.

“பைத்தியமா உனக்கு? கிளம்பு.”

அவருடைய ஸ்கூட்டரில் காது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியிலேயே கணவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அங்கே கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் அவளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பழைய ஹெட்போன், மெத்தை வெடித்திருந்தது, பிடிமானம் தளர்ந்திருந்தது. நம் கடையாக இருந்தால் இதைக் கண்ணாடி அலமாரியில் வைப்போமா என்று அந்த நேரத்திலும் புத்தி போயிற்று. வலது காதுக்குச் சோதனை நடந்தவரை கட்டைவிரல் டக் டக்கென்று அழுத்தியது. பிறகு எல்லாம் அடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸின் கை ஏதோ பொத்தான்களைத் தொடுவது தெரிந்தது. அப்படியென்றால் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கை தொடத்தொட அவள் கட்டைவிரல் அழுத்தாமலே காத்திருந்தது. பொத்தான் வியர்வையில் வழுக்கியது. பொய்யாகவாவது ஒரு தடவை அழுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். “உள்காது திடீர்னு செயலிழந்திருக்கு. காரணம் பல சமயம் தெரியறதில்லை. முதல் நாளே ஓடி வந்திருக்கணும். கையில அடிபட்டா நாலு நாள் மறைச்சு வைப்பீங்களா?”

“திரும்ப வருமா டாக்டர்?”

“சிலருக்கு முழுசா வரும். சிலருக்குப் பாதி. சிலருக்கு வராது. இன்னிக்கே மருந்து ஆரம்பிப்போம்.”

வெளியே வந்தபோது கணவன் காக்கிச் சட்டையோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தான். பஸ்ஸை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவளுடைய வலப்பக்கமாகச் சுற்றி வந்து நின்று, “நான் எந்தப் பக்கம் நின்னு பேசணும்னு சொல்லியிருந்தா போதும்ல?” என்றான். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. அப்பாவைப் பற்றி முதன்முறையாக அவனிடம் முழுசாகச் சொன்னாள்.

மறுநாள் டீச்சருக்குப் போன் செய்தாள். நம்பரை அழுத்துவதற்குள் மூன்று தடவை போனைக் கீழே வைத்துவிட்டாள். விசில் காலையிலேயே நின்றுவிட்டதாம். “எனக்கு இப்போ ஒண்ணுமில்லை. ஆனா நேத்து நான் பயந்த பயம் உங்களுக்குத் தெரியாதும்மா” என்றார் டீச்சர்.

“தெரியும் டீச்சர்” என்றாள் இவள். நடந்ததைச் சொன்னாள். “உடம்பைப் பார்த்துக்குங்க” என்றார் டீச்சர். ஹெட்போனை அவர் வேறு கடையில்தான் வாங்கினார். இவள் அதைக் குறையாக நினைக்கவில்லை.

மாத்திரையும், காதுச் சவ்வு வழியாகப் போட்ட ஊசிகளுமாக மூன்று வாரம் போயிற்று. ஊசி போட்டால் தலை ராட்டினம் போலச் சுற்றும்; படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். இரண்டாவது வாரம் ஒரு காலையில், பாத்திரம் வைக்கும்போது எழுந்த சத்தத்தில் ஒரு துளி இடது காதிலும் விழுந்தது. நம்பப் பயந்து அன்று முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. கடைசிச் சோதனையில் பேச்சுக்குரல் உள்ள பகுதி பெரும்பாலும் திரும்பியிருந்தது. மேல்ஸ்தாயி வரவில்லை. இனி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் முதலாளி முன்னால் போய் நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “நான் உன்னை ஒரு காதை நம்பியா வச்சிருக்கேன்? வாய்க்காகத்தான் வச்சிருக்கேன்” என்றார். அவள் இப்போது ஆம்ப்புகளின் திருகில் சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறாள். அதைத் தாண்டி யாரும் திருகக் கூடாது. முதலில் வலது காதில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள். மேல்ஸ்தாயி பற்றிக் கேட்பவர்களிடம், “எனக்கு இந்தப் பக்கம் அது கேட்காது. நீங்களே கேட்டுச் சொல்லுங்க” என்கிறாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலர் உட்கார்ந்து, உண்மையாகவே கேட்கத் தொடங்குகிறார்கள்.

பயம் மட்டும் முழுசாகப் போகவில்லை. தினம் காலையில் கண்ணைத் திறக்கும் முன்பே இரண்டு விரலை இடது காதருகே தேய்த்துப் பார்க்கிறாள். கணவன் படுக்கையில் கிடந்தபடியே கேட்பான்.

“இருக்கா?”

“இருக்கு” என்பாள். பிறகுதான் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள்.