பிடித்தால் விடாத தோல்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு நிக்கல் முலாம் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர் ரசலையன். முலாம் தண்ணீரில் கிடந்து தோல் வெடித்து, சொறிந்து சொறிந்து கறுத்துப்போன கைகள். அந்தப் பச்சைத் தண்ணீர் நேராக ஓடைக்குத்தான் போனது. தினமும் திறந்துவிட்டது அவர்தான்.

கல்லூரியிலிருந்து சிந்தியா டீச்சர் ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் மனுஷனுக்கு ஒரு மரியாதை வந்தது. சிப்ஸ் கடைகளில் உரித்துப்போடும் ஏத்தங்காய், அதாவது நேந்திர வாழைக்காயின் தோலைக் காயவைத்து, டிரம்மில் அடைத்து, பட்டறைத் தண்ணீரை அதன் வழியே விட்டார்கள். மேலே பச்சையாக ஊற்றியது கீழே தெளிவாக வந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ரசலையன், "தோலு பிடிச்சா விடாது, கேட்டியளா" என்பார். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு தோரணை வேறு.

ஒரு வருஷத்தில் ஆராய்ச்சி முடிந்தது. டீச்சர் போகும்போது படித்துப் படித்துச் சொன்னார்: தண்ணீரில் இருந்த விஷம் இப்போது தோலில் இருக்கிறது, மூட்டை கட்டி வையுங்கள், எடுத்துப்போக வண்டி வரும். வண்டி வரவில்லை. மூட்டைகள் வழியை அடைத்தபோது முதலாளி தாணுமாலயன், "வாழத்தோலுதானே வே, எங்கயாவது கொண்டு தட்டும்" என்றார்.

ரசலையன் எட்டு மூட்டையையும் தன் வீட்டுக்குப் பின்னால், வாழைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினார். ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதாக எண்ணம். மனைவி நேசபாயிடம், "கம்பெனிச் சாக்கு, தொடாத" என்றதோடு சரி. விஷம் என்று சொன்னால், அதை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்பாளே. அந்தப் பயம். அடுத்த சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று ஒன்பது மாதம் ஓடியது. தார்ப்பாயைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு நல்ல பெயர் வைக்க எனக்கு மனமில்லை, சோம்பல்தான்.

பிரசவத்துக்கு வந்த மகள் சுபிதா அப்போதும் அங்கேதான் இருந்தாள். பிள்ளைக்கு எட்டு மாதம். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுவது மட்டி வாழைப்பழம். ஒரு சாயங்காலம் ரசலையன் வேலை முடிந்து வந்தபோது நேசபாய் பழத்தை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வாழையா?"

"பின்னே? குலையைப் பாத்தியளா, என்னா கனம். உங்க சாக்குல கெடந்த தோலு முழுசும் வாழ மூட்டுல உரமாப் போட்டேன். வாழத்தோலுக்குப் போயி ஒரு காவலு."

ரசலையன் பிள்ளையைப் பிடுங்கி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தெடுத்தார். பிள்ளை வீறிட்டது.

"எத்தன நாளா குடுக்க, ஏட்டி?"

"இது ரெண்டாவது குலை."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். சுபிதா பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நேசபாய் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"தோலு பிடிச்சா விடாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னிய. விடாதுல்லா?"

"விடாது" என்றார் ரசலையன்.

டீச்சர் ஒருநாள் பழைய தோலைக் கண்ணாடிக் குவளையில் போட்டுக் கொஞ்சம் ஆசிட் ஊற்றிக் காட்டியிருந்தார். பிடித்து வைத்திருந்த பச்சை அத்தனையும் திரும்ப வந்தது. அந்தக் கண்ணாடிக் குவளையைக் கழுவி வைத்தவர் ரசலையன்தான்.