சமையற்காரரின் தொண்டை

என் மனைவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. திருவனந்தபுரத்தில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். வீட்டில் பேசுவது தமிழ், கண்ணுக்குப் பழகியது மலையாளம். நாங்கள் இருக்கும் ஸ்ரீவராகம் பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களில் இது சாதாரணம். அதனால் கல்யாணமானது முதல் தமிழ்க் கதைகளை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். நாலு மணிக் காப்பிக்குப் பிறகு ஒரு அத்தியாயம்.

இந்த மழைக்காலத்தில் எடுத்தது அட்டை போன ஒரு நகைச்சுவை நாவல். முப்பத்தோரு அத்தியாயம். ஒரு வீட்டில் மூன்று பேர்: கேஸே இல்லாமல் கறுப்புக் கோட்டோடு கத்தரிக்காய் வாங்கப் போகும் வக்கீல், கடன் கொடுத்த காப்பிப் பொடியைக் கரண்டி தலை தட்டி அளந்து திரும்ப வாங்கும் வீட்டுக்காரம்மாள், எந்தச் சண்டையையும் பாயசம் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நம்பும் கல்யாணச் சமையற்காரர். பத்துப் பக்கத்துக்குள் மூவரும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் யாராவது வீறாப்பாகப் பேரம் பேசினால் அவள் என் முழங்கையை இடிப்பாள். வக்கீல் என்று அர்த்தம்.

வக்கீலுக்கு மூக்கால் பேசினேன். வீட்டுக்காரம்மாளுக்குக் கீச்சுக் குரல், சமையற்காரருக்கு அடித்தொண்டை. ஓர் அத்தியாயத்துக்கு அவள் எத்தனை தரம் சிரிக்கிறாள் என்று எண்ணுவேன். ஏழுக்குக் குறைந்தால் அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

பதினெட்டாவது அத்தியாயத்தில் பாயசம் தீய்ந்துபோய்ச் சமையற்காரர் அழுவார். அங்கே வார்த்தையின் நடுவில் என் தொண்டை தானாகவே இரண்டாகப் பிளந்தது. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஏன்னா, அந்தத் தொண்டையை இன்னொரு தரம் போடுங்கோ" என்றாள். போட்டேன். முயற்சி இல்லாமலே வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று பதினாலு தரம் சிரித்திருந்தாள்.

அடுத்த வாரம் வக்கீலுக்கும் அதே பிளவு வந்தது. பிறகு வீட்டுக்காரம்மாளுக்கும். அப்போதும் சிரித்தாள், குறைவாக. ஒருநாள் கையில் புத்தகம் இல்லாமல், சமையலறை வாசலில் நின்று வெந்நீர் கேட்டேன். கேட்டது சமையற்காரரின் தொண்டை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு முளை. அதில் கொஞ்சம் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கெட்டதாக இருந்தால் குரல் போகலாம் என்பதை மலையாளத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். பத்து நாள் பேசக் கூடாது, கிசுகிசுக்கக் கூடாது, கனைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. அதற்குள் ரிசல்ட் வந்துவிடும்.

நாவலில் ஐந்து அத்தியாயம் பாக்கி இருந்தது.

நாலு மணிக்கு அவள் வழக்கம்போல் காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். இரண்டு பேரும் மழையைப் பார்ப்போம். சமையற்காரர் ஊரை விட்டுப் போக மூட்டை கட்டியிருந்தார். அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். மூன்றாம் நாள் அவளால் முடியவில்லை. "அந்த மனுஷன் போறாரா இல்லையா? தலையையாவது ஆட்டுங்கோளேன்" என்றாள். நான் ஆட்டவில்லை. தலையாட்டித் தீர்க்கிற விஷயமா அது?

அன்றைக்கே உட்கார்ந்து, மிச்சக் கதையின் தமிழை மலையாள எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது தொண்டை கூடவே வாசிக்கப் பார்க்கும். உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன். ஒவ்வொரு தரம் எச்சில் விழுங்கும்போதும் அங்கே ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கவனிப்பேன். சில சமயம் தட்டுப்பட்டது. சில சமயம், தட்டுப்படும் என்று நினைத்ததால் தட்டுப்பட்டது.

அவள் வாசித்தாள். முதலில் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. நாலு அத்தியாயம் அப்படியே போயிற்று. ரிசல்ட்டுக்கு முந்திய நாள் கடைசி அத்தியாயம். மூட்டையோடு கிளம்பும் சமையற்காரரை வீட்டுக்காரம்மாள் வாசலில் மறிக்கிறாள். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆறு கரண்டி காப்பிப் பொடி. ஆறும் தலை தட்டினது. வச்சுட்டுப் போங்கோ" என்கிறாள்.

என் மனைவி அதைக் கீச்சுக் குரலில் வாசிக்கவில்லை. எண்ணுக்கு முன்னால் மூக்கை ஒரு தரம் உறிஞ்சி, எண்ணைக் கொஞ்சம் இழுத்து வாசித்தாள். இந்த வீட்டில் வாழைப்பழத்தையும் கேஸ் சிலிண்டரையும் இத்தனை வருஷம் எண்ணிய குரல். என்னுடையது.

என் வயிறு குலுங்கியது. அவள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். "மிண்டாதேங்கோ, சத்தம் வரப்படாது. வாயை மூடிண்டு சிரியுங்கோ." துண்டை வாயில் அமுக்கிக்கொண்டேன். கண்ணில் நீர் கொட்டியது, தோள் ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. நான் அடக்கியதால் வரவில்லையா, இனி வருவதற்கு அங்கே ஒன்றும் இல்லையா என்று தெரியவில்லை. அவளும் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சமையற்காரர் போகவில்லை. மூட்டையைப் பிரித்துவிட்டார்.

இப்போதைக்குக் கெட்டது இல்லை என்று ரிசல்ட் வந்தது. இப்போதைக்கு என்பதை டாக்டர் இரண்டு தரம் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். குரல் திரும்பியது, ஆனால் அந்த அடித்தொண்டை ஒன்றுதான். மூக்கும் கீச்சும் வரவில்லை.

நாவலை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். நான் எழுதிக் கொடுக்கக் கொடுக்க வக்கீலையும் வீட்டுக்காரம்மாளையும் அவள் வாசிக்கிறாள். "சமையற்காரர் உங்களுக்குத்தானே வரும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். இரண்டாவது அத்தியாயத்தில் அவர் பாயசத்தை இறக்கி வைத்து எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடுவார். நேற்று கூப்பிட்டேன். சிரிக்க வேண்டிய இடம். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.