எம்மெட் ஹேகுட்டின் வலது பை

கெய்லர் க்ரீக் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை காலை யார் யார் துப்பாக்கியோடு வந்திருக்கிறார்கள் என்பது பரம ரகசியம். அதாவது, எல்லோருக்கும் தெரியும். ஜூலை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர், பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறவர், காணிக்கைத் தட்டை வாங்கக் கை நீட்டிய கையோடு சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறவர் என்று எண்ணிக்கொண்டே போகலாம். பிரசங்கம் நீளும் நாட்களில் நிறையப் பேர் எண்ணியும் இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் எம்மெட் ஹேகுட் ஒருநாளும் வந்ததில்லை. வயது எழுபத்தொன்று. ஊர் மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் வெட்டுக்கத்தியோடு நின்றவர். குளிர் அறை அவருடைய இரண்டு கட்டைவிரல்களையும் தின்றுவிட்டது. விரல்கள் இருக்கின்றன, பலம்தான் இல்லை. இப்போது வாரத்தில் ஆறு நாள் அவரை யாரும் எங்கும் எதிர்பார்ப்பதில்லை. ஏழாவது நாள் சர்ச்சின் பெரிய வாசலில் நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். வருகிறவர்களின் கையில் அன்றைய நிகழ்ச்சித் தாளைக் கொடுப்பார், பிறகு கட்டிப்பிடிப்பார். ஆணோ பெண்ணோ, நேற்று வந்தவரோ, வரிசையில் நின்றால் தப்ப முடியாது. குழந்தைகளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அவருடைய வலது கால்சட்டைப் பையில் பெப்பர்மின்ட் மிட்டாய் இருக்கும். கேட்க வேண்டியதில்லை, கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் மாதம் சர்ச்சின் பாதுகாப்புக் குழு ஒரு விதி போட்டது. குழுத் தலைவர் ட்வைட் ஸ்காக்ஸ். ஊருக்கெல்லாம் கேஸ் டாங்கி நிரப்பிக் கொடுக்கும் தொழில். இடுப்பில் ஒரு பிஸ்டல், அது வேலை செய்யாமல் போனால் என்று கணுக்காலில் இன்னொன்று. கணுக்காலில் இருப்பதும் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் மூன்றாவதைக் காட்டிவிடுவாரோ என்ற பயம்தான்.

ட்வைட் தாளைப் பார்த்து வாசித்தார். "ஒவ்வொரு வாசல்லயும், நிக்கிற ஆட்கள்ல ஒருத்தராவது துப்பாக்கியோட இருக்கணும். குறி பார்த்துச் சுடுற சோதனையில பாஸ் பண்ணியிருக்கணும். ஏழு கஜ தூரம், முப்பது குண்டு, இருபத்தஞ்சு இலக்குல விழணும். அக்டோபர் முதல் ஞாயிறுலேருந்து அமல்."

பெரிய வாசலில் நிற்கிற ஆட்கள் என்றால் ஒரே ஒரு ஆள்தான்.

"பிரதர் எம்மெட், உங்களைத் தொந்தரவு பண்றதுக்காக இல்ல இது," என்றார் ட்வைட். "முடியலைன்னா சொல்லிடுங்க. வாசலை நான் பார்த்துக்கிறேன். நீங்க ஏசி காத்துல முன்வரிசையில ஹாயா உக்காருங்க."

எம்மெட்டுக்கு முன்வரிசையை நினைத்தாலே கால் வலித்தது.

"பாஸ் பண்றேன்," என்றார்.

முதலில் ட்வைட் தன் பிஸ்டலையே கொடுத்துப் பார்த்தார். அதில் முதல் குண்டு ஏற வேண்டுமென்றால் மேலே உள்ள இரும்பைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும். எம்மெட் இழுத்தார். முகம் சிவந்தது, இரும்பு அசையவில்லை.

அன்று இரவு மனைவி நோவலீன், "உனக்கு ரிவால்வர்தான் சரிப்படும். அதுல இழுக்கிற வேலை இல்ல. சனிக்கிழமை ரோண்டா கடைக்குப் போவோம்," என்றாள். நோவலீன் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பின்னால் திரும்பாமல், கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்தவள். யாரையும் கட்டிப்பிடிக்க மாட்டாள். கைகுலுக்குவதுகூட, இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான்.

ரோண்டா மேபஸின் துப்பாக்கிக் கடையில் சனிக்கிழமை காலை சாமான் வாங்க வருகிறவர்கள் குறைவு. காபி குடித்தபடி பிறருக்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் அதிகம். அன்று மூன்று பேர் இருந்தார்கள். எம்மெட் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் அவருக்கு மூன்று துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"லேசா வாங்குங்க. இருக்கிறதே தெரியக் கூடாது," என்றார் ஒருவர்.

"லேசா வாங்கினாலும் பெரிய குண்டு போடுறதா வாங்கணும்," என்றார் அடுத்தவர்.

மூன்றாமவர் நோவலீனைப் பார்த்தார். "அக்காவுக்கும் ஒண்ணு பாருங்களேன். பிங்க் கலர்ல வந்திருக்கு."

நோவலீன் அவரைப் பேருந்துக் கண்ணாடியில் பார்ப்பது போல ஒருமுறை பார்த்தாள். அவர் காபிக்குள் குனிந்துகொண்டார்.

ரோண்டா முன்பு மாவட்டச் சிறையில் காவலராக இருந்தவள். கைதி முதல் பாஸ்டர் வரை எல்லோரும் அவளுக்குக் 'கண்ணு'தான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு ரிவால்வர்களை வெளியே எடுத்தாள். இரண்டிலும் குண்டு போடும் உருளைகளை வெளியே தள்ளி, காலியாக இருப்பதைக் காட்டிய பிறகே துணிமேல் வைத்தாள். இரண்டும் குட்டை. இரண்டிலும் ஐந்து குண்டுதான் போகும். வழக்கமாகப் பின்னால் துருத்தி நிற்கும் சுத்தியல் இரண்டிலும் உள்ளே ஒளிந்திருந்தது. பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டக் கூடாதே, அதற்காக. ஒன்று அலுமினியம், மற்றது முழு இரும்பு.

எம்மெட் அலுமினியத்தைக் கையில் எடுத்தார். ஒரு சாண்ட்விச்சைவிட லேசாக இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான். இதையே குடுத்துடு ரோண்டா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க கண்ணு. அடுத்த மாசம் எல்லாரும் திருப்பிக் கொண்டாந்து குடுக்கிறாங்க. இந்த மாடல்ல நான் பழசு வித்ததுதான் ஜாஸ்தி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் அஞ்சே அஞ்சு குண்டு வெடிச்சிருக்கும். பின்னாடி வா, சுட்டுப் பார்த்துட்டு வாங்கு."

கடைக்குப் பின்னால் மண்மேடு கட்டிய சுடுமிடம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. எம்மெட் முதல் குண்டைச் சுட்டார். யாரோ உள்ளங்கையில் பலகையால் ஓங்கி அடித்தது போலிருந்தது. இரண்டாவது குண்டுக்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. ஐந்தும் முடிந்தபோது காகிதத்தில் ஒரு ஓட்டை. மற்ற நான்கும் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

"லேசா இருந்தா சுமக்கிறது சுகம்," என்றாள் ரோண்டா. "ஆனா உதைக்கிறது மொத்தமும் உன் கைக்குத்தான் வரும். இரும்பா இருந்தா பாதியை அது வாங்கிக்கும். நீ இதைச் சும்மா தூக்கிட்டுத் திரியப் போறியா, சோதனையில பாஸ் பண்ணப் போறியா?"

இரும்பு ரிவால்வரைக் கொடுத்தாள். கைப்பிடியில் சுண்டுவிரலுக்கும் இடம் இருப்பது போல ரப்பர் போட்டது. உதை குறைந்த குண்டுகளாகவே எடுத்துத் தந்தாள். விசை கடினம், நீளமாக இழுக்க வேண்டும். அங்கேதான் எம்மெட்டுக்கு அதிர்ஷ்டம். கட்டைவிரல்தான் போயிற்றே தவிர, முப்பத்தெட்டு வருஷம் கத்தியின் முதுகை அழுத்திய சுட்டுவிரல் இன்னும் கம்பி மாதிரி இருந்தது. எலும்போரமாகக் கத்தியை இழுக்கும் அதே நிதானத்தில் விசையை இழுத்தார். ஐந்தில் நான்கு விழுந்தது.

"பார்த்தியா? கசாப்புக்காரன் விரல்!" என்றாள் ரோண்டா.

அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போனார்கள். கார் ஓட்டுவது நோவலீன். இடத்துக்கான கட்டணம் ஒருவர் சுட்டாலும் இருவர் சுட்டாலும் ஒன்றுதான் என்பதால், எம்மெட் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு ஓய்வெடுக்கும் நேரத்தில் அவளும் சுட்டாள். ஒன்றும் பேச மாட்டாள். சுட்ட காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். எம்மெட்டுக்குத் தன் காகிதத்தின் கவலை. அவளுடையதை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி வாங்கிய ரிவால்வரை எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வி. இங்கேதான் கட்டிப்பிடிக்கிற மனிதனுக்குச் சங்கடம். இடுப்பின் பக்கவாட்டில் வைத்தால், கட்டிப்பிடிக்கிற எல்லோருடைய முழங்கையும் அதில் இடிக்கும். மார்போரம் தொங்கவிட்டால், பாடகர் குழுவின் பெரிய அம்மாக்களுக்கு விலா எலும்பு போகும். கணுக்காலில் வைத்தால் குனிந்து எடுக்க வேண்டும், எம்மெட்டின் முழங்கால் மடங்கி மூன்று வருஷம் ஆகிறது.

ட்வைட் ஒரு வழி சொன்னார். "கட்டிப்பிடிக்கிறதை நிறுத்திடுங்க பிரதர்."

"அப்புறம் வாசல்ல நான் எதுக்கு? அதுக்கு ஒரு நாற்காலியைப் போட்டு அது மேல தாளை வெச்சிடலாமே."

மிச்சம் இருந்தது வலது பை. ரோண்டா பைக்குள் வைக்கும் தோல் உறை ஒன்றைக் கொடுத்து, ஒரு கட்டளையும் போட்டாள். "துப்பாக்கி இருக்கிற பையில வேற எதுவும் இருக்கக் கூடாது கண்ணு. சாவி, சில்லறை, உன் மிட்டாய், எதுவும். அப்புறம் முதல் வாரம் குண்டே போடாம வெச்சுட்டுத் திரி. உடம்பு பழகட்டும். எதெதுல மாட்டுது, எங்க இடிக்குதுன்னு அப்பத்தான் தெரியும்."

மிட்டாய் இடது பைக்குக் குடிபெயர்ந்தது.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை சோதனை. ட்வைட் கையில் தாளோடு நின்றார். எம்மெட் அவசரப்படவில்லை. முப்பதில் இருபத்தாறு. ட்வைட் இரண்டு முறை எண்ணினார், மூன்றாவது முறை விரல் வைத்து எண்ணினார். இருபத்தாறுதான். எம்மெட் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசிலடித்தபடி வந்தார். நோவலீன், "சந்தோஷம்," என்றாள். அவள் அகராதியில் அது பெரிய விருந்து.

மறுநாள் ஞாயிறு. விதி அமலுக்கு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. ரோண்டா சொன்ன பழக்கத்துக்காக, உருளையைத் திறந்து நோவலீனிடம் காலியென்று காட்டி, உறையோடு வலது பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எல்லாம் அழகாக நடந்தது. தாள், அணைப்பு, தாள், அணைப்பு. பாடகர் குழுவின் பெரிய அம்மாக்கள் எந்தச் சேதமும் இல்லாமல் உள்ளே போனார்கள்.

ஓர் எண்பது வயதுக்காரரை அணைத்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தபோது தொடையருகில் ஏதோ நகர்ந்தது. ஐந்து வயது பிரின்லி. வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் வலது பைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டிருந்தாள். உள்ளே தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ்டர் எம்மெட், மிட்டாய் ஒண்ணா ஒட்டிப் பெரூசா ஆயிடுச்சு. வர மாட்டேங்குது."

எம்மெட் அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து வெளியே எடுத்தார். இடது பையிலிருந்து மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். அவள் ஓடிவிட்டாள். காலி உருளைதான், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அடுத்த பத்து நிமிஷம் யாரைக் கட்டிப்பிடித்தார், யாருக்குத் தாள் கொடுத்தார் என்று அவருக்கு நினைவில்லை.

ஆராதனை முடிந்ததும் ட்வைட்டைத் தேடிப் போனார். நோவலீனும் கூட வந்தாள்.

"பைக்குள்ள பிள்ளைங்க கை வருது ட்வைட். நான் இதை வெச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

"இனிமே இடது பக்கம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. அவ்வளவுதானே?"

"இருபத்திரண்டு வருஷமா வலது பக்கம்னு பழக்கினது நான். அவங்கம்மாக்களையும் நான்தான் பழக்கினேன். ஒரு வாரத்துல மறக்குமா? ஒரு பிள்ளை மறக்காட்டி போதுமே."

ட்வைட் மூச்சை இழுத்து விட்டார். உண்மையிலேயே வருத்தம்தான். கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது. "விதி விதிதான் பிரதர். வாசல்ல துப்பாக்கி இல்லாம முடியாது. அப்ப முன்வரிசை..."

"விதியை இன்னொரு தரம் வாசி," என்றாள் நோவலீன்.

ட்வைட் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். "ஒவ்வொரு வாசல்லயும், நிக்கிற ஆட்கள்ல ஒருத்தராவது..."

"ஒருத்தராவது." நோவலீன் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ட்வைட் விரித்தார். ஓட்டைகள் எல்லாம் நடுவில் ஒரு சாஸர் அளவுக்குள் இருந்தன. எண்ண ஆரம்பித்தார்.

"முப்பதுக்கு முப்பது. இது மாதிரி ஆறு காகிதம் இருக்கு. நீ எப்ப வேணா வந்து நின்னு பாரு, இன்னொரு தரம் சுடுறேன்," என்றாள் அவள்.

எம்மெட் மனைவியைப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே."

ட்வைட் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "சிஸ்டர், உங்க பக்கத்துலயும் பிள்ளைங்க வருவாங்களே?"

கேட்டு முடிக்கும் முன்பே அந்தக் கேள்வியின் அபத்தம் அவருக்கே தெரிந்துவிட்டது. ட்வைட்டின் இரண்டு மகன்களும் அவளுடைய பேருந்தில் போனவர்கள். ஊரில் முப்பது வயதுக்காரர்கள்கூட அவளைக் கண்டால் தானாக நேராக உட்காருவார்கள்.

புதன்கிழமை ட்வைட் சுடுமிடத்தில் வந்து நின்றார். நோவலீன் இன்னொரு முப்பதைச் சுட்டுக் காட்டினாள்.

அக்டோபர் முதல் ஞாயிறு, பெரிய வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். நோவலீன் முழங்கால் வரை தொங்கும் பழைய பழுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எல்லாப் பொத்தானும் போட்டிருக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கமும் சாயவில்லை, எதையும் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் அவளைச் சுற்றி ஒரு கஜம் தள்ளியே நடந்தார்கள். உள்ளே பெஞ்சுகளில் வழக்கமான கணக்கெடுப்பு நடந்தது. ஸ்காக்ஸ் இரண்டு, டீக்கன் ஒன்று, டிராக்டர் கடைக்காரர் ஒன்று. வாசலைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பாவம் எம்மெட், கடைசியில் துப்பாக்கி இல்லாமலே நிற்க விட்டுவிட்டார்கள், துணைக்கு வீட்டுக்காரியையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ட்வைட் ஒருவருக்குத் தெரியும். அவர் பிரசங்கத்தை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே பிரின்லி வந்தாள். நோவலீன் நிற்பதைப் பார்த்ததும் நடையை அடக்கி, பின்னலைச் சரிசெய்து, சுற்றிக்கொண்டு எம்மெட்டின் வலது பக்கம் வந்து சேர்ந்தாள். பைக்குள் கையை விட்டாள்.

"பெருசு எங்க?" என்றாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"கரைஞ்சு போச்சு," என்றார் எம்மெட். "ரெண்டா எடுத்துக்கோ."